வேலை கடல் தாண்டிப் போனால் நஷ்டம் யாருக்கு?

கேள்வி இதுதான்: வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதால் ஒரு நாட்டின் தொழிலாளர்களுக்கு உண்மையிலேயே தீங்கு உண்டா, இல்லை அது தேர்தல் நேரத்தில் காட்டும் பூச்சாண்டியா? பொருளாதாரம் படித்தவர்கள் ‘மொத்தத்தில் நல்லதுதான்’ என்கிறார்கள், ஆலை மூடிய ஊர்க்காரர்கள் ‘எங்கள் பிழைப்பே போச்சு’ என்கிறார்கள். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். நாட்டில் மொத்தம் எத்தனை வேலை இருக்கிறது என்று பார்த்தால் பாதிப்பு சிறியது. வேலை போன அந்த ஆளுக்கும் அந்த ஊருக்கும் என்ன ஆனது என்று பார்த்தால் பாதிப்பு பெரியது, அதுவும் பொருளாதார நிபுணர்கள் முப்பது வருடங்களுக்கு முன் நினைத்ததைவிடப் பெரியது, நீண்டது. லாபம் பார்த்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்திருக்கலாம், கொடுத்த பிறகும் அவர்கள் கையில் மிச்சம் இருந்திருக்கும். கொடுக்கவில்லை. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். இதை அதிகமாக ஆராய்ந்திருப்பது அமெரிக்காவை வைத்து என்பதால் நானும் பெரும்பாலும் அங்கிருந்தே உதாரணம் எடுக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்காவில் ஒரு நல்ல வருடத்தில்கூட மாதத்துக்குச் சுமார் 15 லட்சம் பேர் ஆட்குறைப்பிலோ பணிநீக்கத்திலோ வேலை இழக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே அளவுக்கு, சில மாதங்களில் அதைவிட அதிகமாக, புது வேலைகளும் கிடைக்கின்றன. இதோடு, வேலை கடல் தாண்டுவதன் மறுபக்கமான சீன இறக்குமதியால் போன வேலைகளை ஒப்பிடுங்கள். டேவிட் ஆட்டர், டேரன் அசெமோக்லு உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட கணக்கின்படி 1999 முதல் 2011 வரை அப்படிப் போனவை 20 முதல் 24 லட்சம். அதாவது பன்னிரண்டு வருட இழப்பு, சாதாரணமாக ஒன்றரை மாதத்தில் நடக்கும் ஆட்குறைப்புக்குச் சமம். ‘வெளிநாட்டுக்காரன் நம் வேலையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான்’ என்ற பேச்சு நாட்டு அளவில் நிற்காது. ஒரு நாட்டில் இருக்கும் வேலை அளந்து வைத்த ஒரு மூட்டை அல்ல, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துவிட.

லாபமும் உண்மையானது. உடை, காலணி, மின்சாதனம் எல்லாம் மலிவாகின்றன. வருமானத்தில் பெரும்பங்கைப் பொருள் வாங்கவே செலவிடும் ஏழைக் குடும்பங்களுக்கு அது விகிதத்தில் அதிகமாகவே உதவுகிறது. ஆனால் பெரிய லாபம் எங்கே தங்குகிறது என்பதற்கு ஐஃபோனைப் பாருங்கள். 2010ல் வந்த மாடலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்களின் கணக்கில், விற்பனை விலையில் சீனத் தொழிலாளர்களின் கூலி 1.8 சதவீதம், ஆப்பிளின் லாபம் 58.5 சதவீதம். ‘வேலையை அங்கே கொடுத்துவிட்டோம், காசும் அங்கே போய்விட்டது’ என்று பலர் நினைக்கிறார்கள். காசு பெரும்பாலும் திரும்பி வந்தது. பங்குதாரர்களிடமும் வடிவமைப்பாளர்களிடமும் வந்தது. அசெம்பிளி வரிசையில் நின்றிருக்கக்கூடியவரிடம் வரவில்லை.

இந்த விவாதத்தில் எல்லோரும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோவைக் கூப்பிடுவார்கள். 1817ல் அவர் சொன்ன உதாரணம் பிரபலம்: குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் வருடத்துக்கு 100 பேரும் போர்ச்சுகலில் 90 பேரும் வேண்டும். ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. போர்ச்சுகல் இரண்டிலும் கெட்டி. அப்படியிருந்தும் போர்ச்சுகல் ஒயினையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நன்மை. அழகான வாதம், சரியான வாதமும்கூட. ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. முதலாளிகள் தங்கள் பணத்தை அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள், லாபம் குறைந்தாலும் சொந்த நாட்டிலேயே இருக்க விரும்புகிறார்கள், அந்த மனநிலை தளர்ந்தால் தனக்கு வருத்தமாக இருக்கும் என்கிறார். அந்த மனநிலை எப்போதோ தளர்ந்துவிட்டது. இன்று எல்லை தாண்டுவது துணியும் ஒயினும் மட்டும் இல்லை. இயந்திரம், வரைபடம், செய்முறை, மேலாளர் என எல்லாமே போகின்றன. ரிக்கார்டோவின் வாதம் இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி இன்றைய நிலையை அப்படியே நியாயப்படுத்த முடியாது.

மொத்தத்தில் லாபம் என்றாலும் ஒரு தரப்பின் கூலி குறையலாம் என்பதை 1941லேயே ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நிறுவிவிட்டார்கள். அதே சாமுவேல்சன் 2004ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, இன்னும் ஒரு படி போனார்: ஒரு ஏழை நாடு, பணக்கார நாடு கெட்டியாக இருக்கும் துறையிலேயே முன்னேறிவிட்டால், பணக்கார நாட்டின் மொத்த வருமானமேகூட நிரந்தரமாகக் குறைய வாய்ப்பு உண்டு என்று எழுதினார். கோட்பாட்டில் இதெல்லாம் இருந்தது. பாடம் நடத்தும்போது மட்டும் ‘வேலை இழந்தவர்கள் வேறு துறைக்கு, வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிப் போனார்கள். தவறு நடந்தது அந்த ஒரு வரியில்தான்.

இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்று ஓர் ஊர். மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். மேடேக் நிறுவனத்தின் குளிர்சாதனப் பெட்டி ஆலை அங்கே இருந்தது. அதை மூடி உற்பத்தியை மெக்சிகோவின் ரெய்னோசாவுக்கு மாற்றப்போவதாக 2002ல் அறிவித்தார்கள். 2004 செப்டம்பரில் ஆலை மூடப்பட்டது. போனவை சுமார் 1,600 வேலைகள். நாட்டுக் கணக்கில் அது ஒரு தூசு. முப்பதாயிரம் பேர் இருக்கும் ஊரில் 1,600 சம்பளம் என்பது தூசா? அந்தச் சம்பளத்தில்தான் மளிகைக்கடையும் முடிதிருத்தும் கடையும் ஓடின, பள்ளிக்கூடத்துக்கு வரி வந்தது. ஆட்டர், டார்ன், ஹான்சன் மூவரும் 2013ல் வெளியிட்ட ஆய்வு கண்டதும் இதைத்தான். இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களில் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் நஷ்டம் வரவில்லை, ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளிலும் சம்பளம் குறைந்தது. மக்கள் ஊரைவிட்டும் பெரிதாகப் போகவில்லை.

‘ஏன் போகவில்லை, வேலை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியதுதானே?’ என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். ஊரில் பெரிய ஆலை மூடினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டை விற்கப் பார்ப்பார்கள். விலை விழும். வீட்டுக் கடன் பாக்கி விலையைவிட அதிகமாக இருக்கும். வேலை இருக்கும் பெருநகரத்தில் வாடகை மூன்று மடங்கு. மனைவிக்கு இந்த ஊர் மருத்துவமனையில் வேலை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகாதது சோம்பல் இல்லை, கணக்குப் போட்டுத்தான் இருக்கிறார். அதே ஆய்வாளர்கள் பின்னால் மறுபடி பார்த்தபோது, அந்த வட்டாரங்களில் பாதிப்பு 2019 வரைகூடத் தீரவில்லை. இளைஞர்களின் ஆலை வேலை குறைந்த இடங்களில் திருமணங்கள் குறைந்தன, ஏழ்மையில் தனிப் பெற்றோரிடம் வளரும் குழந்தைகள் கூடினார்கள்.

இதன் இன்னொரு முனையில் நானே உட்கார்ந்திருந்திருக்கிறேன். மென்பொருள் வேலையில் சேர்ந்த புதிதில், கடல் தாண்டி வந்த ஒரு வேலையை வாங்கிக்கொள்ளும் குழுவில் என்னைப் போட்டார்கள். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் கே.டி., நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஆறு வாரம், தினமும் இரண்டு மணிநேரம் அழைப்பில். சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பில்லிங் புரோகிராமை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவந்தவர். மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் பாதியில் நிற்கும், பயப்படாமல் இரண்டு நிமிடம் விட்டுத் திரும்ப ஓட்டு என்பார். குறிப்பிட்ட ஒரு வரியைத் தொடாதே, அது ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எடுத்தால் மட்டும் எல்லாம் உடையும் என்பார். எனக்குப் புரியும்வரை சலிக்காமல் திரும்பச் சொல்வார். ஒருநாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. கே.டி. முடிந்தது என்று என் மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வெளியேறும் தொகை முழுசாகக் கிடைக்கும் என்பது கடைசி வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி அழைப்பில், ‘மாதக் கடைசி இந்த முறை வெள்ளிக்கிழமை வருகிறது, கவனமாக இரு’ என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் எனக்குக் கொடுத்த அறிவு அந்த நிறுவனத்துக்குள் தங்கம். வெளியே அதற்கு ஒரு காசு கிடையாது. அந்த வரியைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதற்கு வேறு எந்த நிறுவனம் சம்பளம் கொடுக்கும்? நீண்ட நாள் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்கு வேலை போனால் இன்னொரு வேலை கிடைத்தாலும் பழைய சம்பளம் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் இப்படி வேலை இழந்த நீண்டகால ஊழியர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் 1993ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஐந்தாறு வருடம் கழித்தும் அவர்களுடைய வருமானம், வேலை போகாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தது. வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் இது தெரியவே தெரியாது. அதில் அவர் ‘வேலையில் இருப்பவர்’.

சரி, வேலை போகாதவர்களுக்கு? அவர்களுக்கும் பாதிப்பு உண்டு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் பிரான்ஃபென்பிரென்னர் 1990களில் அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல்களை, அதாவது ஆலையில் சங்கம் வேண்டுமா என்று ஊழியர்கள் போடும் ஓட்டை, ஆராய்ந்தார். பாதிக்கு மேற்பட்ட முதலாளிகள் ‘சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவோம், வேறு இடத்துக்குப் போய்விடுவோம்’ என்று மிரட்டியிருந்தார்கள். உண்மையிலேயே மூடியவர்கள் மிகச் சிலர். மிரட்டலே போதும், ஆலை நகர வேண்டிய அவசியமே இல்லை. சம்பளம் பேச மேஜையில் உட்காரும்போது எதிரே இருப்பவர் எழுந்து போய்விடலாம், நீங்கள் போக முடியாது என்றால் அந்தப் பேச்சு எப்படி முடியும்? போன வேலைகளை எண்ணும் எந்த ஆய்விலும் இது அகப்படாது. என் கணிப்பில் மொத்தப் பாதிப்பில் இது சின்னப் பங்கு இல்லை.

‘வேலைகளை உண்மையில் தின்றது இயந்திரம்தான், வெளிநாடு இல்லை’ என்ற வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பாதி உண்மை. அமெரிக்க ஆலை வேலைகள் 2000ல் சுமார் 1.73 கோடி, 2010ல் சுமார் 1.15 கோடி. ஏறக்குறைய 58 லட்சம் குறைந்ததில், ஆலைகளுக்குள் சீன இறக்குமதியால் போனது, அடிபட்ட ஆலைகளுக்குச் சரக்கு கொடுத்த ஆலைகளையும் சேர்த்து, சுமார் 10 லட்சம் என்று மேலே சொன்ன அதே 2016 ஆய்வு கணக்கிடுகிறது. மீதியில் இரண்டு பொருளாதார மந்தங்களும் தானியங்கி இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் ‘வேலை குறைந்தும் உற்பத்தி ஏறிக்கொண்டே இருந்ததே, அப்படியென்றால் ரோபோதானே காரணம்’ என்பது அவசரப்பட்ட முடிவு. பொருளாதார ஆய்வாளர் சூசன் ஹவுஸ்மன் அந்த உற்பத்திக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஏற்றம் பெரும்பாலும் கணினி, மின்னணுத் துறை ஒன்றிலேயே இருந்தது. அதிலும் கணினிகளின் திறன் கூடியதை உற்பத்தி கூடியதாகக் கணக்கில் சேர்த்ததால் வந்த ஏற்றம். அதை எடுத்துவிட்டால் மற்ற ஆலைகளின் வளர்ச்சி மிகச் சொற்பம்.

அப்புறம் ஒரு விஷயம், எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி நடக்கவில்லை. ஜெர்மனியும் அதே காலத்தில் கிழக்கு ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் கதவைத் திறந்தது. கார் நிறுவனங்கள் செக் நாட்டுக்கும் ஹங்கேரிக்கும் போயின, ஆடி நிறுவனம் என்ஜின் செய்வதை ஹங்கேரியின் கியோரில் 1994ல் தொடங்கியது. அப்படியும், இறக்குமதியால் போன வேலைகளைவிட அந்த நாடுகளுக்கு இயந்திரமும் காரும் விற்றதால் வந்த வேலைகள் அதிகம் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். துணி, காலணி செய்த வட்டாரங்கள் அங்கேயும் அடிபட்டன, அதை மறைக்கக்கூடாது.

அலுவலக வேலைகள் கதை வேறு. 2002ல் ஃபாரஸ்டர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், 2015க்குள் 33 லட்சம் அமெரிக்கச் சேவை வேலைகள் வெளிநாடு போகும் என்று கணித்தது. சில வருடம் கழித்து பொருளாதார நிபுணர் ஆலன் பிளைண்டர் 3 முதல் 4 கோடி வேலைகள் போகக்கூடியவை என்றார். பயந்த அளவுக்கு நடக்கவில்லை. கணினித் துறை வேலைகள் அமெரிக்காவில் அந்த வருடங்களில் கூடவே செய்தன. ஆனால் பிளைண்டர் சொன்ன ஒரு கருத்து நிற்கிறது: படிப்பு இருந்தால் பாதுகாப்பு என்பது இனி இல்லை, வேலையைக் கம்பி வழியே அனுப்ப முடியுமா என்பதே கேள்வி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவதை அனுப்பலாம், குழாய் ரிப்பேரை அனுப்ப முடியாது. பிறகு ஏன் கதிரியக்க மருத்துவர்களின் வேலை போகவில்லை? அமெரிக்க நோயாளிக்கு அறிக்கை எழுத அமெரிக்க உரிமம் வேண்டும் என்ற விதி இருப்பதால். மருத்துவர்களுக்கு விதி எழுத வைக்கும் பலம் இருந்தது, வட கரோலினாவில் நாற்காலி செய்தவர்களுக்கு இல்லை. யாரைச் சந்தையிடம் விடுவது, யாருக்கு வேலி போடுவது என்று தீர்மானித்தது இயற்கை விதி இல்லை, மனிதர்கள்தான். எனக்கு இதில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் எல்லோருக்கும் வேலி போட்டுவிடலாமா, அதாவது இறக்குமதி வரி? துணி துவைக்கும் இயந்திரத்தின் கதையைக் கேளுங்கள். கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த இயந்திரங்களுக்கு அமெரிக்கா தனி வரி போட்டது. சாம்சங்கும் எல்ஜியும் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. சீனாவுக்கு வரி போட்டதும் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போயின. கடைசியில் 2018ல் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் சேர்த்து, 20 முதல் 50 சதவீதம் வரை வரி போட்டார்கள். இந்தமுறை ஆலைகள் அமெரிக்காவுக்கே வந்தன, தென் கரோலினாவிலும் டென்னசியிலும். இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது, அதன் விலையும் அதே அளவு ஏறியது, ஏனென்றால் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது கிடைத்த புது வேலைகள் சுமார் 1,800. அப்படிக் கிடைத்த ஒவ்வொரு வேலைக்கும், இயந்திரம் வாங்கியவர்கள் கொடுத்த விலை வருடத்துக்கு சுமார் 8,15,000 டாலர். அந்த ஊழியருக்குப் போன சம்பளம் அதில் சிறு துளி. முன்பு 2009ல் சீன டயர்களுக்குப் போட்ட வரியின் கதையும் ஏறக்குறைய இதேதான், அங்கே ஒரு வேலைக்குச் சுமார் 9 லட்சம் டாலர். பதினைந்து வருடங்களுக்கு முன் போன வேலைக்காக இன்று வரி போட்டால் அன்று வேலை இழந்தவருக்கு அது திரும்பக் கிடைப்பதும் இல்லை. புது ஆலை வேறு ஊரில், வேறு தலைமுறைக்கு வருகிறது.

வேலை போய்ச் சேர்ந்த நாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவில் நாற்பது வருடங்களில் ஏறக்குறைய 80 கோடி பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதில் ஏற்றுமதி ஆலைகளுக்குப் பங்கு உண்டு. டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்ததும் இதே சங்கிலியின் ஒரு கண்ணியில்தான். அங்கே செலவு குறைவாக இருந்ததற்கு அந்த விரிசல் விழுந்த கட்டடமும் ஒரு காரணம். அந்தத் தொழிலாளர்களின் பாதுகாப்பைக் கேட்பது அனுப்பும் நாட்டுத் தொழிலாளிக்கும் நல்லது.

இப்போது ஈடு கொடுப்பது பற்றி. அமெரிக்காவில் இதற்கென்றே 1962ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை போனால் பயிற்சிக்கும் வருமானத்துக்கும் உதவி. எண்ணம் நல்லது, பணம் மிகக் குறைவு. சீன இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களுக்குப் போன கூடுதல் அரசுப் பணத்தில் இந்தத் திட்டம் வழியே போனது அற்பம். உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகை வழியே போனது அதைவிடப் பல மடங்கு. வேலைக்குத் திரும்ப உதவும் பணம் கிடைக்காததால், இனி வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்து வாங்கும் பணத்தில் மக்கள் வாழ்ந்தார்கள்.

டென்மார்க்கில் ஆளை வேலையிலிருந்து எடுப்பது சுலபம். ஆனால் வேலை போனவருக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை இரண்டு வருடம் கிடைக்கும், கூடவே பயிற்சியும் உண்டு. அங்கேயும் வேலைகள் வெளிநாடு போனால் படிப்பு குறைந்தவர்களின் சம்பளம் குறையத்தான் செய்கிறது, ஆனால் விழும்போது கீழே வலை இருக்கிறது.

அமெரிக்கத் திட்டத்துக்குள்ளேயே எனக்குப் பிடித்த ஒரு சின்னப் பிரிவு இருந்தது, சம்பளக் காப்பீடு. ஐம்பது வயதைத் தாண்டியவர் வர்த்தகத்தால் வேலை இழந்து, 50,000 டாலருக்குக் கீழே சம்பளம் தரும் புது வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு கொடுக்கும், இரண்டு வருடத்தில் அதிகபட்சம் 10,000 டாலர் வரை. முன்பு 48,000 வாங்கியவர் 40,000க்குப் போனால் வருடத்துக்கு 4,000 டாலர் வரும். அவர் சும்மா இருக்க இது காசு தரவில்லை, குறைந்த சம்பள வேலையையும் தயங்காமல் ஏற்கத் துணை நிற்கிறது. இதைப் பெற்றவர்கள் சீக்கிரமாக வேலைக்குத் திரும்பினார்கள் என்று பின்னால் வந்த ஆய்வும் சொல்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் போன்ற ஒருவருக்கு, அந்த வயதில், அந்த நிலையில், இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

2022 ஜூலை 1 அன்று அந்தத் திட்டத்தின் சட்ட அனுமதி முடிந்துபோனது. அதற்குப் பிறகு வேலை இழந்து விண்ணப்பித்தவர்களின் மனுக்களை ஆராயவும் வழியில்லாமல் போனது.